சேகோ ஆலை எடை மேடைக்கு ஒரு விசார்ட்: க்யூட், பைத்தான் கொண்டு அமைக்கும் முறை

சேலத்தைச் சுற்றியுள்ள, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளில், குச்சிக்கிழங்கு (மரவள்ளி) லோடு உள்ளே வருவது முதல் விவசாயிக்குப் பணம் போவது வரை நடக்கும் வேலைகளுக்கு மாற்ற முடியாத ஒரு வரிசை உண்டு. லாரி எடை மேடையில் ஏறி லோடு எடை பதிவாக வேண்டும். கிழங்கில் மாதிரி எடுத்து மாவுச்சத்தின் அளவைக் குறிக்கும் பாயிண்ட் பார்க்க வேண்டும். கிழங்கை இறக்கிய பிறகு அதே லாரி மறுபடியும் மேடையேறிக் காலி எடை பதிவாக வேண்டும். அதன் பிறகே நிகர எடை, பாயிண்ட், அன்றைய பாயிண்ட் விலை ஆகிய மூன்றையும் பெருக்கிப் பில் போட முடியும். கணினிச் செயலியில் விசார்ட் என்னும் படிப்படியான திரை பொருந்துவதற்கு இதைவிடத் தெளிவான இடம் கிடைப்பது அரிது. ஆகவே இந்த வேலையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, அத்தகைய திரையை அமைக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

கருவியாகப் பைத்தானையும், க்யூட் என்னும் திரையமைப்பு நூலகத்தைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் பைசைட் 6 நூலகத்தையும் எடுத்துக்கொள்கிறேன். க்யூட் 4.3 பதிப்பில், 2007இல் வந்த க்யூவிசார்ட் என்னும் வகுப்பு இன்றும் ஏறத்தாழ அதே வடிவில் இருக்கிறது; ஆகவே சி++இல் எழுதுவோருக்கும் இங்கே சொல்வது பெரும்பாலும் அப்படியே செல்லும். பிற திரையமைப்புக் கருவிகளான டிகிண்டரிலும் வின்ஃபார்ம்ஸிலும் ஆயத்தமான விசார்ட் கிடையாது. ஜிடிகேயில் இருந்த ஜிடிகேஅசிஸ்டன்ட் 4.10 பதிப்பிலிருந்து கைவிடப்படும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அவற்றில் வேலை செய்வோர் அடுக்குத் திரை ஒன்றையும் மூன்று பொத்தான்களையும் வைத்துத் தாங்களே கட்டிக்கொள்ள வேண்டும். அப்போதும் கீழே சொல்லும் சிக்கல்கள் ஒன்றுகூடக் குறையாது.

எதற்கு விசார்ட், எதற்கு வேண்டாம்

நிரல் எழுதத் தொடங்குமுன், ஆலையின் வேலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் பார்த்து, "இதில் இரண்டாவது கேள்விக்கான பதில் முதல் கேள்வியின் பதிலைப் பொறுத்திருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். அன்றைய பாயிண்ட் விலையைப் பதிவது, விவசாயியின் தொலைபேசி எண்ணைத் திருத்துவது, 90 கிலோ மூட்டைகளாகக் கட்டிய ஜவ்வரிசியைச் சேகோ ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வுக்கு அனுப்பிய விவரத்தை எழுதுவது ஆகிய எவற்றிலும் அப்படிப்பட்ட சார்பு இல்லை. அவற்றுக்கு ஒரே பக்கத்தில் நான்கைந்து கட்டங்கள் போதும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு திரை வைத்து "அடுத்து, அடுத்து" என்று அழுத்த வைத்தால், பழகிய கணக்கர் இரண்டாம் நாளே பழைய நோட்டுக்குத் திரும்பிவிடுவார். அதில் அவர்மேல் குற்றமும் இல்லை.

கிழங்கு வரவில் சார்பு இருக்கிறது. ஆனால் அங்கும் ஒரு பொறி காத்திருக்கிறது. லோடு எடைக்கும் காலி எடைக்கும் இடையே கிழங்கை இறக்கும் நேரம் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கும்போது, அந்த இடைவெளிக்குள் வேறு பல லாரிகள் மேடையேறி இறங்கிவிடும். ஒரு லாரிக்கு ஒரு விசார்ட் என்று திறந்து, காலி எடை வரும்வரை அதைத் திரையில் நிறுத்தி வைத்தால், கணக்கர் முன்னால் ஒன்றின் மேல் ஒன்றாகச் சன்னல்கள் குவியும். எந்தச் சன்னல் எந்த லாரிக்கு உரியது என்பதை அவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டிவரும்.

ஆகவே வேலை எங்கே இயல்பாக நிற்கிறதோ அங்கே விசார்டையும் முடித்துவிட வேண்டும். இந்த எடுத்துக்காட்டில் அது இரண்டு விசார்டுகளாகப் பிரிகிறது. முதலாவது வரவு விசார்ட்: வண்டி, விவசாயி, லோடு எடை, அத்துடன் அது முடிந்து, ஒரு டோக்கன் அச்சாகும். இரண்டாவது பில் விசார்ட்: பாயிண்ட், காலி எடை, பணம் கொடுக்கும் முறை, சரிபார்ப்பு, பில். இரண்டையும் இணைப்பது முதன்மைத் திரையில் இருக்கும் "இறக்கத்தில் உள்ள வண்டிகள்" என்னும் பட்டியல். அந்தப் பட்டியலில் ஒரு வரியைத் தேர்ந்து என்டர் தட்டினால் அந்த வண்டிக்குரிய பில் விசார்ட் திறக்கும். யாருக்காகவும் காத்திருக்க வேண்டாத விசார்டே நல்ல விசார்ட் என்பது என் எண்ணம். இடையில் லாரி ஓட்டுநரோ வங்கியோ முதலாளியோ வந்து பதில் சொல்ல வேண்டியிருந்தால், அந்த இடத்தில் வெட்டிவிடுவதே முறை.

பக்கங்களும் அவற்றின் எண்களும்

க்யூவிசார்ட் என்பது உண்மையில் ஓர் உரையாடல் சன்னல். அதன் ஒவ்வொரு படியும் க்யூவிசார்ட்பேஜ் என்னும் வகுப்பிலிருந்து பிறக்கும் ஒரு பக்கம். பக்கங்களை 'ஆட்பேஜ்' கொண்டு வரிசையாகச் சேர்த்தால் எண்கள் தாமே அமையும். ஆனால் கிளை பிரியும் விசார்டுக்கு 'செட்பேஜ்' கொண்டு எண்களை நாமே கொடுப்பதுதான் பொருத்தம். வரவு விசார்டில் வண்டிக்கு 10, விவசாயிக்கு 20, புதிய விவசாயியின் விவரத்துக்கு 30, லோடு எடைக்கு 40 என்று இடைவெளி விட்டுக் கொடுத்தால், பின்னாளில் ஆலை முதலாளி "ரகத்தையும் கேட்க வேண்டும்" என்று சொல்லும்போது 35 என்ற எண்ணில் புதிய பக்கத்தைச் செருகிக்கொள்ளலாம். இந்த எண்களை நிரல் முழுவதும் தூவாமல், ஓர் இடத்தில் பெயரிட்டு வைத்து, அந்தப் பெயர்களையே பயன்படுத்த வேண்டும்.

எந்தப் பக்கத்துக்குப் பின் எந்தப் பக்கம் என்பதை ஒவ்வொரு பக்கமும் தன் 'நெக்ஸ்ட்ஐடி' செயற்கூறு (ஃபங்ஷன்) வழியாகச் சொல்லும். விவசாயி பக்கத்தில் பட்டியலிலுள்ள ஒருவரைத் தேர்ந்திருந்தால் 40 என்றும், "புதியவர்" என்று குறித்திருந்தால் 30 என்றும் அது திருப்பித் தர வேண்டும். கடைசிப் பக்கம் -1 என்று தர வேண்டும். இந்தச் செயற்கூற்றைக் க்யூட் எப்போது வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் அழைக்கும் என்பதால், அதற்குள் தரவுத்தளத்தில் எழுதுவதோ செய்திப் பெட்டி காட்டுவதோ கூடாது. கேட்டால் பதில் சொல்வது மட்டுமே அதன் வேலை.

ஒரே பயணத்தில் ஒரு பக்கத்துக்கு இரண்டாம் முறை முன்னோக்கிச் செல்லக் க்யூவிசார்ட் இடம் தராது. கொல்லிமலையிலிருந்தோ கல்வராயன் மலையிலிருந்தோ வரும் ஒரே லாரியில் இரண்டு பேருடைய கிழங்கு இருக்கலாம். அப்போது "இன்னொரு விவசாயியைச் சேர்" என்று 20ஆம் பக்கத்துக்கே திருப்பிவிட நினைத்தால், அந்தப் பக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது என்ற எச்சரிக்கையோடு விசார்ட் நின்றுவிடும். சுழற்சி தேவைப்படும் இடத்தில் ஒரே பக்கத்துக்குள் ஓர் அட்டவணை வைத்து, வரிகளைச் சேர்க்கவும் நீக்கவும் விடுவதே வழி. பில் விசார்டின் எடைப் பக்கத்திலும் அதே அட்டவணை வர வேண்டும். ஏனெனில் முதலாமவர் கிழங்கை இறக்கியதும் ஓர் இடை எடையும், இரண்டாமவர் கிழங்கை இறக்கியதும் காலி எடையும் போட்டால்தான் இருவர் பங்கும் பிரியும்.

புலங்களும் அவற்றில் உள்ள கண்ணிகளும்

ஒரு பக்கத்தில் இட்ட விவரத்தை இன்னொரு பக்கம் படிப்பதற்கு 'ரெஜிஸ்டர்ஃபீல்டு' உதவுகிறது. பக்கத்தின் ஆக்கச் செயற்கூற்றிலேயே, பெயரையும் உரிய கட்டத்தையும் கொடுத்துப் பதிந்துவிட்டால், விசார்டின் வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் 'ஃபீல்டு' என்று அழைத்து மதிப்பைப் பெறலாம். பெயர் விசார்ட் முழுவதற்கும் பொதுவானது என்பதால் இரண்டு பக்கங்களில் "எடை" என்று ஒரே பெயரை வைக்கக் கூடாது. "லோடுஎடை", "காலிஎடை" என்று பிரித்தே வைக்க வேண்டும்.

பெயரின் இறுதியில் ஓர் உடுக்குறி (*) சேர்த்தால் அந்தப் புலம் கட்டாயமாகிவிடும். அது நிரம்பும்வரை "அடுத்து" பொத்தான் மங்கியே இருக்கும். கேட்பதற்கு எளிமையாக இருந்தாலும், "நிரம்பியது" என்பதைக் க்யூட் எப்படி முடிவு செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இதைப் பயன்படுத்தக் கூடாது. பதிந்த நேரத்தில் இருந்த மதிப்பிலிருந்து இப்போதைய மதிப்பு மாறியிருந்தால் அது நிரம்பியதாகக் கொள்ளப்படுகிறது. எழுத்துக் கட்டமாக இருந்தால், அதில் வைத்த சரிபார்ப்பி (வேலிடேட்டர்) ஏற்கும் வடிவிலும் இருக்க வேண்டும். இதிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன.

கிழங்கு ரகத்துக்கு முள்ளுவாடி, குங்குமரோஸ், தாய்லாந்து வெள்ளை என்று ஒரு தேர்வுப் பெட்டி வைத்தால், முதலில் இருக்கும் முள்ளுவாடிதான் தொடக்க மதிப்பு. வந்திருப்பது முள்ளுவாடியாகவே இருந்தால், கணக்கர் எத்தனை முறை அதைத் தேர்ந்தாலும் மதிப்பு மாறாது, பொத்தானும் விழிக்காது. பதிவதற்கு முன் தேர்வுப் பெட்டியின் சுட்டெண்ணை -1 ஆக்கி, எதுவும் தேராத நிலையில் விட்டால் இது தீரும். இரண்டாவது, வண்டி எண் கட்டத்தில் உதவிக்காக "டிஎன் 30" என்று முன்கூட்டியே நிரப்பி வைப்பது. பக்கத்தின் 'இனிஷியலைஸ்பேஜ்' செயற்கூற்றில், அதாவது பதிந்த பிறகு, அதை நிரப்பினால், மதிப்பு மாறிவிட்டதாகக் கருதி, மீதி எண் இல்லாமலேயே அடுத்த பக்கத்துக்கு விட்டுவிடும். இங்கே ஒரு சரிபார்ப்பி கட்டாயம் வேண்டும். மூன்றாவது, தேர்வுப் பெட்டியின் புலத்தைப் படித்தால் கிடைப்பது பெயரன்று, வரிசை எண் என்பது. அதை அப்படியே பில்லில் அச்சிட்டால் ரகத்தின் இடத்தில் 2 என்று வரும்.

எடைக்குச் சுழல் எண் கட்டம் (ஸ்பின்பாக்ஸ்) வைப்போர், அதன் உச்ச மதிப்பு இயல்பாக 99 என்பதை மறக்கக் கூடாது. 24,350 கிலோ லோடு அதில் ஏறாது. உச்சத்தை உயர்த்துவதோடு, சுட்டியின் உருளை உருண்டால் எண் மாறும் வசதியையும் அடைத்துவிட வேண்டும். பக்கத்தை நகர்த்துவதாக எண்ணி உருளையை உருட்டும் விரல், பில் தொகையையே மாற்றிவிடும்.

புதிய விவசாயியின் பக்கத்தில் வங்கி விவரம் வருகிறது. ஐஎஃப்எஸ்சி குறியீடு 11 எழுத்துகள் கொண்டது: முதல் நான்கும் ஆங்கில எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் சுழியம், மீதி ஆறும் எழுத்தாகவோ எண்ணாகவோ இருக்கலாம். இந்த வடிவை ஒழுங்குக் கோவையாக (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) எழுதிச் சரிபார்ப்பியில் வைத்துவிட்டால், சுழியத்துக்குப் பதில் 'ஓ' தட்டும் பிழை அங்கேயே பிடிபடும். கணக்கு எண்ணை இருமுறை கேட்டு ஒப்பிடுவது நல்லது. பெயரைக் கொண்டு தேடும் இடத்தில் ஊரையும் தொலைபேசி எண்ணையும் சேர்த்தே காட்ட வேண்டும். வாழப்பாடிப் பக்கத்தில் மட்டும் எத்தனை பெருமாள்கள் கிழங்கு போடுகிறார்கள் என்பது எந்த ஆலைக் கணக்கருக்கும் தெரியும்.

எப்போது சரிபார்ப்பது

இரண்டு இடங்கள் இருக்கின்றன. 'இஸ்கம்ப்ளீட்' என்பது, பக்கம் முழுமையாகிவிட்டதா என்று அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. அது நொடிப்பொழுதில் பதில் சொல்ல வேண்டும். 'வேலிடேட்பேஜ்' என்பது, "அடுத்து" அழுத்தப்பட்ட கணத்தில் ஒரே ஒரு முறை அழைக்கப்படுவது. தரவுத்தளத்தைப் பார்ப்பது, "இந்த வண்டி ஏற்கெனவே இறக்கத்தில் உள்ள பட்டியலில் இருக்கிறதே" என்று சொல்வது போன்றவை அங்கே வர வேண்டும். அது பொய் என்று திருப்பித் தந்தால் விசார்ட் அதே பக்கத்தில் நிற்கும். ஏன் நின்றது என்பதைப் பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் சொல்ல வேண்டும். செய்தி சொல்லாமல் நிற்கும் பொத்தானைப் பார்த்தால், கணினி தொங்கிவிட்டது என்றே எவரும் நினைப்பர்.

'இஸ்கம்ப்ளீட்'டை நாமே எழுதும்போது இரண்டை விட்டுவிடலாகாது. மூல வகுப்பின் 'இஸ்கம்ப்ளீட்'டையும் அழைத்து அதன் விடையோடு சேர்த்தே விடை தர வேண்டும். இல்லையேல் உடுக்குறியிட்ட கட்டாயப் புலங்களுக்குப் பொருளே இல்லாமல் போகும். அத்துடன், நிலை மாறும் ஒவ்வொரு முறையும் 'கம்ப்ளீட்சேஞ்ட்' என்னும் சமிக்ஞையை நாமே எழுப்ப வேண்டும். க்யூட் விசார்ட் எழுதத் தொடங்குவோர், "எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன், பொத்தான் விழிக்கவில்லை" என்று தேடித் திரிவது பெரும்பாலும் இந்தச் சமிக்ஞை எழாததால்தான்.

எடைப் பக்கம் இதற்கு நல்ல பயிற்சி. எடை மேடையின் காட்டி, தொடர் முனையம் (சீரியல் போர்ட்) வழியாக எண்களை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். க்யூசீரியல்போர்ட் வகுப்பின் 'ரெடிரீட்' சமிக்ஞை வரும்போதெல்லாம் வந்த பைட்டுகளைச் சேர்த்து வைத்து, வரி முடிந்ததும் பிரித்துப் படிக்க வேண்டும். ஒரு சமிக்ஞைக்கு ஒரு முழு வரி வரும் என்று நம்பக் கூடாது, பாதி எண் வந்து மீதி அடுத்த முறை வருவது வழக்கம். லாரி மேடையேறும்போது எண் ஆடிக்கொண்டே இருக்கும். தொடர்ந்து வரும் சில வாசிப்புகள் ஒன்றாகவே இருந்தால் மட்டும் எடை நிலைத்ததாகக் கொண்டு, 'கம்ப்ளீட்சேஞ்ட்' எழுப்பி, "அடுத்து" பொத்தானைத் திறக்க வேண்டும். காட்டி பழுதாகும் நாளுக்காகக் கையால் எடை இடும் வழி ஒன்றும் வேண்டும். ஆனால் அது மேற்பார்வையாளரின் கடவுச்சொல்லோடும் காரணத்தோடும் மட்டுமே திறக்க வேண்டும், பில்லிலும் அது கையால் இட்ட எடை என்று அச்சாக வேண்டும். இதை வலியுறுத்த வேண்டியவர் முதலாளி என்றாலும், நிரல் எழுதுவோர் தாமே முன்வைத்தால் பின்னால் வரும் பல சண்டைகள் தவிரும்.

"பின்செல்" பொத்தான்

விசார்ட் எழுதுவோர் "அடுத்து" பொத்தானுக்குச் செலவிடும் நேரத்தில் பாதியைக்கூட "பின்செல்" பொத்தானுக்குச் செலவிடுவதில்லை. ஆனால் பிழைகள் பிறக்குமிடம் அதுதான். கணக்கர் ஒருவர் பின்னால் போகும்போது, தாம் விட்டுவந்த பக்கத்தில் இட்டது அழியுமா, இருக்குமா என்ற கேள்விக்கு எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே பதில் கிடையாது.

க்யூட்டின் இயல்பான பதில், அழியும் என்பதே. ஒரு பக்கத்திலிருந்து பின்னால் போகும்போது அதன் 'கிளீனப்பேஜ்' அழைக்கப்பட்டு, புலங்கள் அந்தப் பக்கம் தொடங்குமுன் இருந்த மதிப்புக்குத் திரும்பிவிடும். மறுபடி முன்னால் வரும்போது 'இனிஷியலைஸ்பேஜ்' மீண்டும் ஓடும். பணம் கொடுக்கும் முறைக்கு இது சரியாகப் பொருந்துகிறது. எடைக்கு இது கேடு. லோடு எடை பதிந்த பிறகு, விவசாயியின் பெயரைத் தவறாகத் தேர்ந்ததைக் கண்டு கணக்கர் பின்னால் போய்த் திருத்தி மறுபடி வரும்போது, எடை அழிந்திருக்கும். லாரியோ மேடையை விட்டு இறங்கிப் போயிருக்கும். உலகத்தில் ஒருமுறை நடந்து முடிந்ததைப் பதிந்த பக்கம், பின்னால் போனதற்காக அதை மறக்கக் கூடாது.

இதைத் தீர்க்கச் சிலர் 'இன்டிபெண்டன்ட்பேஜஸ்' என்னும் விருப்பத்தை விசார்ட் முழுவதற்கும் இட்டுவிடுகிறார்கள். அது எடையைக் காப்பாற்றும்; ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் 'இனிஷியலைஸ்பேஜ்'உம் முதல் முறை மட்டுமே ஓடும் என்றாகிவிடுவதால், சரிபார்ப்புப் பக்கத்தில் பழைய தொகையே நிற்கும். பாயிண்டை 26இலிருந்து 25க்குத் திருத்தியும் பில்லில் 26க்கு உரிய பணம் வந்தால் ஆலைக்கு நட்டம். எதிராக நடந்தால் விவசாயிக்கு நட்டம். சரியான வழி, அந்த விருப்பத்தைத் தொடாமல், எடைப் பக்கத்தின் 'கிளீனப்பேஜ்'ஐ மட்டும் வெறுமையாக மேலெழுதிவிட்டு, அதன் 'இனிஷியலைஸ்பேஜ்' ஏற்கெனவே எடை இருந்தால் அதைத் தொடாதபடி பார்த்துக்கொள்வது. "மறுபடி எடை போடு" என்று தனியாக ஒரு பொத்தான் வைத்தால், அழிப்பது கணக்கரின் தெரிந்த முடிவாக இருக்கும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. வங்கி வழி என்று தேர்ந்து, வங்கி விவரப் பக்கம் வரை போய், பின்னால் வந்து ரொக்கம் என்று மாற்றியவரின் விசார்டில் பழைய வங்கி விவரம் எங்காவது தங்கியிருக்கலாம். இறுதியில் தரவைத் திரட்டும்போது எல்லாப் புலங்களையும் கண்மூடிப் படிக்காமல், 'விசிட்டட்ஐடிஸ்' தரும் பட்டியலில் உள்ள பக்கங்களின் புலங்களை மட்டுமே எடுக்க வேண்டும்.

கணக்கும் பதிவும்

தொகைக் கணக்கு எந்தப் பக்கத்துக்குள்ளும் இருக்கக் கூடாது. தனிக் கோப்பில், திரையைப் பற்றி எதுவும் அறியாத ஒரு செயற்கூறாக இருக்க வேண்டும். லோடு எடை 24,350 கிலோ, காலி எடை 9,150 கிலோ எனில் நிகர எடை 15,200 கிலோ, அதாவது 15.2 டன். பாயிண்ட் 26 என்றும், டன் ஒன்றில் ஒரு பாயிண்டுக்கு 400 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால் டன்னுக்கு 10,400 ரூபாய். மொத்தம் 1,58,080 ரூபாய். இதை மிதவைப் புள்ளி (ஃப்ளோட்) எண்களில் கணக்கிடாமல், பைத்தானின் டெசிமல் வகையில் கணக்கிட வேண்டும்; 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் மிதவைப் புள்ளியில் துல்லியமாக 0.3 வராது என்பது பணக் கணக்கில் பொறுக்கத்தக்கதன்று. சரிபார்ப்புப் பக்கத்தில் விடையை மட்டும் காட்டாமல், பெருக்கும் மூன்று எண்களையும் வரிசையாகக் காட்ட வேண்டும். மேடையருகே நிற்கும் விவசாயி எட்டிப் பார்த்து, கைப்பேசியில் தாமே பெருக்கிச் சரிபார்த்துக்கொள்வார்.

சரிபார்ப்புப் பக்கத்துக்குச் 'செட்கமிட்பேஜ்' இட வேண்டும். அப்போது "அடுத்து" பொத்தான் இருந்த இடத்தில் உறுதிசெய்யும் பொத்தான் வரும்; அதைத் தாண்டிய பக்கத்தில் "பின்செல்" அடைபட்டிருக்கும். பில் எண் இந்தக் கணத்தில்தான் பிறக்க வேண்டும். விசார்ட் திறக்கும்போதே எண்ணை ஒதுக்கினால், பாதியில் கைவிட்ட ஒவ்வொன்றும் பில் வரிசையில் ஓர் ஓட்டையை விட்டுச்செல்லும்; தணிக்கையாளர் முதலில் கேட்பது அந்த ஓட்டைகளைப் பற்றித்தான். இந்தச் சரிபார்ப்புப் பக்கத்தின் 'வேலிடேட்பேஜ்'இல் ஒரே பரிவர்த்தனையாக (டிரான்ஸாக்ஷன்) எண்ணை எடுத்து, பில்லை எழுதி, வண்டியைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் மூன்றும் நடக்கவில்லை என்றாக வேண்டும். பைத்தானோடு வரும் எஸ்க்யூலைட் தரவுத்தளம் இதற்குத் தாராளமாகப் போதும்.

அச்சிடுவது அதற்கு அடுத்த, கடைசிப் பக்கத்தின் வேலை. காகிதம் தீர்ந்ததற்காகப் பில் இல்லாமல் போகக் கூடாது. "மறுபடி அச்சிடு" என்ற பொத்தான் அங்கே இருந்தால் போதும். அந்தப் பக்கத்தில் "ரத்து" பொத்தான் இருப்பது பில்லையே ரத்து செய்யலாம் என்ற எண்ணத்தைத் தரும் என்பதால், கடைசிப் பக்கத்தில் அதை மறைக்கும் விருப்பத்தை இட்டுவிட வேண்டும். முந்தைய பக்கங்களில் "ரத்து" அழுத்தினாலும், எஸ்கேப் விசை தட்டினாலும், சன்னலை மூடினாலும் 'ரிஜெக்ட்' என்னும் ஒரே வாசலுக்குத்தான் வரும். அதை மேலெழுதி, ஏதேனும் இட்டிருந்தால் மட்டும் "விட்டுவிடலாமா?" என்று கேட்பது நல்லது, வெறும் விசார்டை மூடுவோரிடம் கேட்பது தொல்லை.

மின்சாரம் போவதை எதிர்பார்த்தே எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் 'வேலிடேட்பேஜ்'உம் அதுவரை சேர்ந்ததை வரைவு அட்டவணையில் எழுதிவிட்டால், மறுபடி கணினி எழும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். குறிப்பாக எடை பதிந்த உடனே, "அடுத்து" அழுத்தும்வரை காத்திராமல், அது வட்டில் ஏற வேண்டும்.

தமிழ்த் திரை

பொத்தான்களின் எழுத்தைச் 'செட்பட்டன்டெக்ஸ்ட்' கொண்டு "அடுத்து", "பின்செல்", "பில் போடு", "ரத்து" என மாற்றலாம். "முடி" என்று பொதுவாக எழுதுவதைவிட, அந்தப் பொத்தான் என்ன செய்யுமோ அதையே எழுதுவது தெளிவு. விண்டோஸில் க்யூவிசார்ட் இயல்பாக எடுத்துக்கொள்ளும் ஏரோ பாணியில் "பின்செல்" என்பது மேல் மூலையில் ஒரு சிறு அம்பாகப் போய்விடும். கணக்கர் கண்ணில் அது படாது. 'மாடர்ன்ஸ்டைல்' என்று வெளிப்படையாகக் குறித்தால் பொத்தான்கள் கீழே ஒரே வரிசையில் நிற்கும். அந்தப் பாணியில் தலைப்புப் பட்டை தோன்ற வேண்டுமானால் துணைத் தலைப்பும் கொடுத்தாக வேண்டும்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கட்டங்களுக்கும் பெயர்களுக்கும் பிக்சலில் அகலம் குறித்தால் "இறக்கத்தில் உள்ள வண்டிகள்" பாதியில் வெட்டுப்படும். தளவமைப்பு வகுப்புகளிடமே அளவை விட்டுவிட்டு, நீண்ட விளக்கங்களுக்கு வரிமடிப்பை இட வேண்டும். விண்டோஸ் 8 முதல் உடன் வரும் நிர்மலா யூஐ எழுத்துரு போதுமானது. ஆலையின் பழைய விவசாயிகள் பட்டியல் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தால், அதை ஒரே தடவையில் மாற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். விசார்டுக்குள் இரண்டையும் சமாளிக்க முயல்வது வீண்.

"படி 2 / 5" என்று எண்ணிட்டுக் காட்டும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. கிளை பிரியும் விசார்டில் மொத்தப் படிகள் எத்தனை என்பது தேர்வுக்கேற்ப மாறும். பாதியில் 5 என்பது 6 ஆவதைப் பார்ப்பவர் திரையை நம்ப மாட்டார். 'செட்சைட்விட்ஜெட்' கொண்டு இடப்பக்கத்தில் பாயிண்ட், காலி எடை, பணம், பில் என்று கட்டங்களின் பெயர்களை மட்டும் எழுதி, நடப்பதைத் தடித்துக் காட்டினால் போதும்.

எடை மேடையில் இருப்பவரின் வலக்கை எண் விசைப்பலகையில்தான் இருக்கும். என்டர் தட்டினால் "அடுத்து" இயங்குவதை அவர் இரண்டே லோடில் பழகிக்கொள்வார். ஆனால் பழகிய கை இரண்டு முறை தட்டினால் ஒரு பக்கம் படிக்கப்படாமலேயே தாண்டிவிடும். ஆகவே சரிபார்ப்புப் பக்கத்தில் மட்டும் என்டருக்கு வேலை கொடுக்காமல், எஃப்10 போன்ற தனி விசையை வைப்பது பாதுகாப்பு. ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் முதல் கட்டத்தில் குறி நிற்க வேண்டும். 'இனிஷியலைஸ்பேஜ்' ஓடும் நேரத்தில் பக்கம் இன்னும் தோன்றியிராது என்பதால், சுழிய நேரக் கடிகாரம் (டைமர்) ஒன்றின் வழியாகக் குறியை அமர்த்துவது நம்பகமானது.

ஆலைக்குக் கொடுக்குமுன்

நேராக முன்னோக்கிப் போய் முடிப்பது எல்லா விசார்டிலும் வேலை செய்யும். அதைச் சோதித்ததைச் சோதனையாகக் கொள்ள முடியாது. பின்வருவனவற்றைச் செய்து பார்க்க வேண்டும்: புதிய விவசாயி என்று போய், பின்வந்து, பழையவரைத் தேர்ந்து முடித்தல், எடை பதிந்தபின் முதல் பக்கம் வரை பின்சென்று திரும்புதல், சரிபார்ப்புப் பக்கத்திலிருந்து பின்சென்று பாயிண்டை மாற்றித் தொகை மாறுகிறதா என்று பார்த்தல், காலி எடையை லோடு எடையைவிடக் கூட்டி இடுதல், எடைக் காட்டியின் கம்பியைப் பாதியில் பிடுங்குதல், உறுதிப் பொத்தானை அழுத்திய உடன் கணினியை அணைத்தல். இவற்றோடு, இரவு 11 மணிக்கு லோடு எடை போட்டு, நள்ளிரவு தாண்டிக் காலி எடை போட்ட வண்டிக்கு எந்தத் தேதியில் பில் வர வேண்டும், எந்த நாளின் பாயிண்ட் விலை பொருந்த வேண்டும் என்பதை முதலாளியிடம் முன்கூட்டியே கேட்டு, அந்த விடையை வரவு விசார்டிலேயே, லோடு எடையோடு சேர்த்துப் பதிந்துவிட வேண்டும்.